தட்டணு குறைந்தபோதே கேட்டிருக்க வேண்டிய பரிசோதனை

என் மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் பரிசோதனையில் தட்டணு (பிளேட்லெட்) 42,000 என்று குறைந்து வந்தது. ஐப்பசி மழைக்காலம், எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் டெங்கு. இதுவும் அதுதான் என்று ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டெங்குவில் விழுந்த தட்டணு பத்து நாளுக்குள் தானாக ஏறிவிடும். இவளுக்கு மூன்று வாரம் ஆகியும் ஏறவில்லை. அடுத்து ஐடிபி, அதாவது உடம்பே தன் தட்டணுவை அழிக்கும் நோய் என்று சொல்லி ஆறு வாரம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பியதுதான் மிச்சம். பிறகு எலும்பு மஜ்ஜையைக் குத்திப் பார்த்து மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவது நின்றுபோகும் அப்ளாஸ்டிக் அனீமியா என்றார்கள், ஏடிஜி என்ற விலை கூடிய மருந்தை ஏற்றினார்கள், நான்கு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். ஃபான்கோனி அனீமியா என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தபோது பதினான்கு மாதம் ஓடியிருந்தது. கையை விட்டுப் போனது ஒன்பது லட்சத்துச் சொச்சம். அந்தப் பெயரைச் சொன்ன டாக்டர் எங்கள் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை, பிள்ளையின் கட்டைவிரலைத்தான் பார்த்தார். எங்கள் வீட்டுக் கதை இவ்வளவுதான். மேற்கொண்டு எழுதுவது நோயைப் பற்றி: எந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும், எது தப்பிப் போகும், ஏன் தப்பிப் போகும் என்பது மட்டும். இதையெல்லாம் அப்போது யாராவது ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வரும்.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. இணையத்தில் தேடினால் 'ஃபான்கோனி சிண்ட்ரோம்' என்று ஒரு சிறுநீரக நோய் முன்னால் வந்து நிற்கும். பெயர் ஒரே மனிதருடையது என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இரண்டு ராத்திரி முழுக்க நான் சிறுநீரகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். நமக்கு வேண்டியது ஃபான்கோனி அனீமியா. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் குய்டோ ஃபான்கோனி 1927-ல் ஒரே வீட்டுப் பையன்கள் மூன்று பேரிடம் ரத்தக் குறைவும் உடல் குறைபாடுகளும் சேர்ந்து இருப்பதைக் கண்டு எழுதியதால் இந்தப் பெயர். 'அனீமியா' என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். ரத்த சோகைதானே, பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் கொடுத்தால் போதாதா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இது குரோமோசோம்கள் முறிந்துகொண்டே இருக்கும் நோய்.

ஏன் முறிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லா எச்சரிக்கைகளும் தானாகப் புரியும். டிஎன்ஏ என்பது இரண்டு புரி முறுக்கிய கயிறு. ஒரு செல் இரண்டாகப் பெருக வேண்டுமானால் புரிகள் பிரிய வேண்டும். நம் உடம்புக்குள்ளேயே உண்டாகும் ஆல்டிஹைடு போன்ற பொருட்களும், சில புற்றுநோய் மருந்துகளும், இரண்டு புரிகளுக்கும் நடுவே அரக்கு வைத்த மாதிரி ஒட்டிவிடும். அந்த ஒட்டை வெட்டி எடுத்துச் சரிசெய்ய இருபதுக்கும் மேற்பட்ட ஜீன்கள் ஒரு கூட்டாக வேலை செய்கின்றன. அதில் ஒன்று கெட்டாலும் கூட்டு வேலை நின்றுவிடும். ஒட்டியிருக்கும் கயிற்றை இழுத்தால் என்ன ஆகும்? அறுந்துவிடும். அறுந்த குரோமோசோம் துண்டு வேறொரு குரோமோசோமோடு போய் ஒட்டிக்கொள்ளும். இப்படி அடிபட்ட மஜ்ஜைச் செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும், அதனால்தான் ரத்தம் குறைகிறது. சாகாமல், கோணலான குரோமோசோமோடு பிழைத்துப் பெருகும் ஒன்றிரண்டிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய் தொடங்குகிறது. ரத்தக் குறைவு ஒரு நோய், புற்றுநோய் பின்னால் வரக்கூடிய வேறொரு நோய் என்று பல மாதம் தனித்தனியாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பது மண்டையில் ஏறிய பிறகுதான் டாக்டரிடம் சரியான கேள்வி கேட்க வந்தது.

இனி அடையாளங்கள். ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி ரிப்போர்ட்டில் எல்லாரும் ஹீமோகுளோபின், தட்டணு இரண்டையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். கீழே எம்சிவி என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் பருமன். இந்தக் குழந்தைகளுக்கு ரத்தம் குறையத் தொடங்கும் முன்பே சிவப்பணு வயதுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். நம் ஊர்க் குழந்தைகளுக்கு இரும்புச் சத்துக் குறைவால் எம்சிவி தாழ்ந்திருப்பதுதான் வழக்கம். அதனால் தட்டணு குறைந்து, எம்சிவி மட்டும் 95, 100 என்று உயர்ந்திருந்தால், பி12, ஃபோலேட் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கேள்வியாக ஃபான்கோனியைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் தட்டணுதான் முதலில் விழும், பிறகு வெள்ளணு, பிறகு ஹீமோகுளோபின். ஐந்து வயது முதல் பத்து வயதுக்குள்தான் பலருக்கு இது வெளியே தெரிகிறது. உடம்பில் பார்க்க வேண்டியவை: கட்டைவிரல் சிறுத்தோ, ஒட்டிக்கொண்டோ, இரண்டாகவோ, தொங்கலாகவோ இருப்பது, முன்கை எலும்பு குட்டை, தோலில் பால் காபி நிறத் திட்டுகள், வயதுக்குக் குறைந்த உயரம், சின்னத் தலை, சின்னக் கண், ஒரே சிறுநீரகம் அல்லது இரண்டும் ஒட்டிக் குதிரை லாட வடிவில் இருப்பது. என் மகளின் கட்டைவிரல் அடி மெலிந்துதான் இருந்தது. 'அவ பாட்டிக்கும் இப்படித்தான்' என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். அந்தச் சிரிப்பு இப்போதும் உறுத்துகிறது. ஆனால் ஒன்று: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வெளியே எந்தக் குறையும் இருக்காது. விரல் நன்றாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

நோயை உறுதி செய்வது குரோமோசோம் உடைவுப் பரிசோதனை. லேப் சீட்டில் 'ஸ்ட்ரெஸ் சைட்டோஜெனிடிக்ஸ்' என்றோ, 'டெப் டெஸ்ட்', 'எம்எம்சி டெஸ்ட்' என்றோ எழுதுவார்கள். டெப் என்பது டைஎபாக்ஸிபியூட்டேன், எம்எம்சி என்பது மைட்டோமைசின் சி. இரண்டுமே மேலே சொன்ன அரக்கு வேலையைச் செய்யும் பொருட்கள். குழந்தையின் வெள்ளணுக்களை மூன்று நான்கு நாள் வளர்த்து, இந்த மருந்தைக் கொஞ்சம் சேர்த்து, மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ணுவார்கள். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்திலேயே வைத்து இதே மாதிரி செய்வார்கள். நோய் இருந்தால் உடைவுகள் பல மடங்காக இருக்கும், நான்கு கை விரித்த நட்சத்திரம் போல ஒட்டிய குரோமோசோம்கள் தெரியும். இதில் கெட்டுப்போகும் இடங்கள் பல. ரத்தத்தைப் பச்சை மூடி போட்ட சோடியம் ஹெப்பாரின் டியூபில் எடுக்க வேண்டும். வழக்கமான ஊதா மூடி டியூபில் எடுத்தால் செல் வளராது. ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது, அறை வெப்பத்தில்தான் போக வேண்டும். எங்கள் முதல் சாம்பிளைக் கலெக்ஷன் பையன் பழக்கதோஷத்தில் ஐஸ் ஜெல் மேல் வைத்து அனுப்பிவிட்டான், 'வளரவில்லை' என்று பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் திங்கள் அல்லது செவ்வாய் கொடுங்கள். வெள்ளிக்கிழமையும் தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாளும் வேண்டாம். கடைசியாக ரத்தமோ தட்டணுவோ ஏற்றிய தேதியைப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். வெள்ளணு மிகக் குறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் வேண்டுமா என்று லேபில் முன்பே கேளுங்கள். எங்களுக்கு இந்தப் பரிசோதனைக்கு ஆனது ஏழாயிரம் ரூபாய். ஒன்பது லட்சத்துக்குப் பக்கத்தில் இந்த ஏழாயிரத்தை வைத்துப் பார்க்கும்போது வயிறு எரியும்.

'உடைவு இல்லை' என்று வந்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சிலருக்கு மஜ்ஜையில் ஒரு செல்லில் கெட்ட ஜீன் தற்செயலாகத் தானே சரியாகி, அந்தச் செல்லின் வாரிசுகள் ரத்தத்தை நிறைத்துவிடும். ரிப்போர்ட்டில் சில செல்கள் முற்றிலும் சரியாகவும், சில செல்கள் தாறுமாறாக உடைந்தும் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது தோலில் ஒரு சின்னத் துண்டு எடுத்து வளர்த்து அதே பரிசோதனையைச் செய்வார்கள். மஜ்ஜை மாற்று முடிந்த பிறகு ரத்தத்தில் இந்தச் சோதனையும் சரி, ஜீன் சோதனையும் சரி, செய்தால் அர்த்தமே இல்லை. ரத்தம் கொடையாளியுடையதாகிவிட்டிருக்கும், அவருடைய ஜீன்தான் தெரியும்.

பெயர் தெரியாமல் வைத்தியம் பார்த்தால் என்ன போகும் என்பதைக் காசாகவும் உயிராகவும் சொல்ல வேண்டும். சாதாரண அப்ளாஸ்டிக் அனீமியாவில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மஜ்ஜையைத் தாக்குகிறது, அதனால் அதை அடக்கும் ஏடிஜியும் சைக்ளோஸ்போரினும் பலருக்குப் பலன் தரும். ஃபான்கோனியில் தாக்குதல் எதுவும் இல்லை, பழுது செல்லுக்குள்ளேயே இருக்கிறது. எதை அடக்கினாலும் பலனில்லை, இருக்கிற கொஞ்ச நஞ்ச எதிர்ப்புச் சக்தியும் போய்க் கிருமிதான் புகும். எங்கள் ஒன்பது லட்சத்தில் பாதி அந்த ஏடிஜிக்கும் அதற்குப் பின்னால் வந்த காய்ச்சலுக்கும் போனது. அதைவிட மோசம், பெயர் தெரியாமல் நேராக மஜ்ஜை மாற்றுக்குப் போவது. அப்ளாஸ்டிக் அனீமியாவுக்கு மாற்றுக்கு முன் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தின் மொத்த அளவு கிலோவுக்கு 200 மில்லிகிராம். இந்தக் குழந்தைகள் அதைத் தாங்கவே மாட்டார்கள், வாயும் குடலும் வெந்து, சிறுநீரில் ரத்தம் போய், இதயம் கெட்டு உயிர் போயிருக்கிறது. பாரிஸில் எலியான் குளுக்மான் 1980-களில் இதைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவுக்கு இறக்கிய பிறகுதான் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். பத்தில் ஒரு பங்கு! அதனால் பிள்ளைக்கோ வாலிபருக்கோ அப்ளாஸ்டிக் அனீமியா என்று யார் சொன்னாலும், மருந்து ஏறும் முன் 'உடைவு டெஸ்ட் பார்த்தாச்சா சார்?' என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் டாக்டரும் உண்டு. கோபித்துக்கொள்ளட்டும்.

இனிப் புற்றுநோய். 1982-ல் அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டு ஃபான்கோனி பதிவேட்டில் இருந்த 754 பேரை இருபது ஆண்டு தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியிட்ட கணக்கு இது: நாற்பது வயதுக்குள் மஜ்ஜை ஓய்ந்துபோகும் வாய்ப்பு நூற்றுக்கு 90, ரத்தப் புற்றுநோயோ அதன் முந்தைய நிலையோ வரும் வாய்ப்பு 33, கட்டி வகைப் புற்றுநோய் 28. குழந்தைப் பருவத்தில் வருவது பெரும்பாலும் ஏஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோயும், அதற்கு முன்படியான எம்டிஎஸ்-உம். நல்லவேளையாக இது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை, குரோமோசோமில் முன்கூட்டியே தடயம் விட்டுவிட்டு வரும். அதனால்தான் ரத்த அளவு நிலையாக இருந்தாலும் வருடம் ஒருமுறை மஜ்ஜை எடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளை அழுகிறாள், ரத்தம் நன்றாகத்தானே இருக்கிறது, இந்த வருஷம் விட்டுவிடலாம் என்று மனசு சொல்லும். விடாதீர்கள். எடுக்கும்போது செல் வடிவம் மட்டும் பார்த்தால் போதாது. குரோமோசோம் ஆய்வும், குறிப்பிட்ட குரோமோசோம் மாற்றங்களைத் தேடும் ஃபிஷ் சோதனையும் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 7-வது குரோமோசோம் ஜோடியில் ஒன்று காணாமல் போயிருந்தாலோ, 3-வதின் நீளக் கை கூடுதலாக இருந்தாலோ, மாற்றுச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று பொருள். 1-வதின் நீளக் கை கூடுதல் மட்டும் என்றால் அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் அடிக்கடி பார்ப்பார்கள். ரத்த எண்ணிக்கையை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். ஒரு எண்ணைவிட எண்கள் போகும் திசைதான் முக்கியம். மாற்றுக்கு முன்பே ஏஎம்எல் ஆகிவிட்டால் வைத்தியம் பல மடங்கு கடினம், முழு அளவுக் கீமோவை இந்த உடம்பு தாங்காது என்பதே காரணம்.

எந்த ஜீன் என்று தெரிந்துகொள்வது வீண் செலவு என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். இல்லை. இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேல் கெட்டிருப்பது ஃபான்க்-ஏ என்ற ஜீன்தான். ஆனால் ஃபான்க்-டி1 என்று வந்தால் கதையே வேறு. அது வேறு யாரும் அல்ல, மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் பிஆர்சிஏ2 ஜீன்தான். ஒரு பிரதி கெட்டால் பெரியவர்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் கெட்டால் ஃபான்கோனி. இந்த வகைக் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருக்குமே ஆறு ஏழு வயதுக்குள் ஏதாவது ஒரு புற்றுநோய் வந்துவிடுகிறது: ரத்தப் புற்றுநோய், சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி, சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா. ஃபான்க்-என், அதாவது பிஏஎல்பி2, கெட்டாலும் இதே மாதிரிதான். இவர்களுக்கு ரத்தம் குறையும் முன்பே புற்றுநோய் வரக்கூடும். அதனால் வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டும், மூளைக்கு எம்ஆர்ஐயும் குறித்த இடைவெளியில் வேண்டும். மறுபுறமாகவும் யோசியுங்கள். சின்னக் குழந்தைக்குப் புற்றுநோய் என்று கீமோ தொடங்கி, முதல் சுற்றிலேயே வாய் முழுக்க வெந்து வாரக்கணக்கில் ரத்தம் ஏறாமல் கிடந்தால், 'உடைவு டெஸ்ட்' என்ற சொல் அந்த வார்டில் ஒலிக்க வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்த ரிப்போர்ட் ஒரு சேதி வைத்திருக்கிறது: பிஆர்சிஏ2 சுமப்பவர் என்றால் அவர்களும் தங்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனைகளைத் தொடங்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது தங்கள் உடம்பைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

ஜீன் பரிசோதனையிலும் இரண்டு சந்து உண்டு. ஃபான்க்-ஏ ஜீனில் பெரிய துண்டு ஒன்றே காணாமல் போவது சகஜம், எழுத்து எழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் சோதனையில் அது தப்பிவிடலாம். உடைவு டெஸ்ட் பாசிட்டிவ், எக்ஸோமில் ஒன்றும் இல்லை என்றால் எம்எல்பிஏ என்ற சோதனையைக் கேளுங்கள். இன்னொன்று நம் பக்கத்துச் சமாச்சாரம். தெற்காசிய வம்சாவளியினரிடம் ஃபான்க்-எல் ஜீனில் 1092-வது எழுத்தில் ஒரு மாற்றம் முன்னோர் வழியாகப் பரவியிருக்கிறது. பார்வைக்கு அமினோ அமிலம் எதுவும் மாறாத, ஒன்றுமில்லாத மாற்றம் போலத் தெரியும், அதனால் ஒதுக்கப்படவும் கூடும். உண்மையில் அது ஜீனின் ஒரு பகுதியையே வெட்டிவிடுகிறது. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால் இதைப் பார்த்தீர்களா என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.

ரத்தம் ஏற்றும் விஷயத்தில் பாசமே பகையாகிவிடும். செய்தி கேட்டதும் சித்தப்பா, மாமா, தம்பி என்று எல்லாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார்கள். வேண்டாம். சொந்தக்காரர் ரத்தம் ஏறினால், நாளைக்கு அதே குடும்பத்திலிருந்து மஜ்ஜை வாங்கும்போது உடம்பு அதை நிராகரிக்கும் வாய்ப்பு கூடும். வெளியார் ரத்தம்தான் வேண்டும், அதுவும் வெள்ளணு வடிகட்டியது, கதிர்வீச்சு கொடுத்தது. கதிர்வீச்சுக் கருவி பெரிய ரத்த வங்கிகளில்தான் இருக்கும், முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். தட்டணுவைப் பலருடைய பையிலிருந்து சேர்ப்பதைவிட ஒரே கொடையாளியிடம் எடுக்கும் எஸ்டிபி நல்லது, எத்தனை பேர் ரத்தம் குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு யூனிட் சிவப்பணுவிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது, வெளியேற வழி இல்லை. இருபது யூனிட்டுக்குப் பக்கம் வரும்போது உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து, தேவையானால் இரும்பை வெளியேற்றும் மாத்திரை தொடங்குவார்கள். ரத்தம் குறைவு என்றதும் மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கும் இரும்பு டானிக் இங்கே எரியும் வீட்டில் எண்ணெய். பப்பாளி இலைச் சாறும் வேண்டாம், தொழிற்சாலையே மூடிக் கிடக்கும்போது அது எதைக் கூட்டும்? தட்டணு குறைந்திருக்கும் வரை இடுப்பில் ஊசி, புரூஃபென், ஆஸ்பிரின், காதுகுத்து, கோயிலில் கத்தி வைத்து மொட்டை, எல்லாம் தள்ளி நிற்கட்டும். காய்ச்சல் 100.4 தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஆக்ஸிமெத்தலோன், டானசோல் என்ற ஆண் ஹார்மோன் மாத்திரைகளால் பாதிப் பேருக்கு ரத்தம் ஏறும், சில ஆண்டு தாக்குப்பிடிக்கலாம். பெண் குழந்தைக்குக் குரல் தடிக்கும், ரோமம் வளரும். கல்லீரலில் கட்டி வரலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு வேண்டும். இது அவகாசம் வாங்கும் வழி, அவ்வளவுதான். எக்ஸ்-ரே, சிடி ஸ்கேன் இரண்டையும் முடிந்த மட்டும் தவிர்த்து அல்ட்ராசவுண்டு, எம்ஆர்ஐ என்று கேளுங்கள்.

மஜ்ஜைக் கோளாறைத் தீர்ப்பது மாற்று ஒன்றுதான். கூடப் பிறந்தவர் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தினால் ஆனந்தப்பட்டு அப்படியே போய்விடக் கூடாது, அந்தப் பிள்ளைக்கும் உடைவு டெஸ்ட் செய்தாக வேண்டும். வெளியே தெரியாமல் அதே நோய் இருக்கலாம். பொருந்தியும், நோய் இல்லாமலும் இருக்க வேண்டும் என்றால் கணக்கு ஏறக்குறைய பதினாறில் மூன்றுதான். என் மகனின் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த பதினோரு நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் அப்பா, அம்மா அல்லது அத்தை, மாமா பிள்ளைகளில் ஒருவரே முழுதாகப் பொருந்துவதும் உண்டு, அவர்களையும் பாருங்கள். யாரும் இல்லையென்றால் சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளில் தேடலாம்; பாதிப் பொருத்த மாற்றும் இருக்கிறது. உலகத்தின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றே ஒரு ஃபான்கோனி குழந்தைக்குத்தான் நடந்தது, 1988-ல் பாரிஸில், குளுக்மான் குழுவால், பிறந்த தங்கையின் கொடி ரத்தத்தைக் கொண்டு. மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை மாற்று செய்தீர்கள் என்று கேட்காமல், எத்தனை ஃபான்கோனி பிள்ளைகளுக்குச் செய்தீர்கள் என்று கேளுங்கள். மாற்றுக்கு முன் கொடுக்கும் மருந்துகளில் ஃப்ளூடராபின் இருக்கிறதா, சைக்ளோஃபாஸ்ஃபமைடு எவ்வளவு, கதிர்வீச்சு உண்டா, எடுப்பது இடுப்பெலும்பு மஜ்ஜையா கை ரத்தத்து ஸ்டெம் செல்லா என்ற நான்கும் அடுத்த கேள்விகள். மஜ்ஜை என்றால் ஜிவிஎச்டி, அதாவது கொடையாளியின் செல்கள் பிள்ளையின் உடம்பைத் தாக்குவது, குறைவு. இந்தப் பிள்ளைகளுக்கு ஜிவிஎச்டி பிற்காலப் புற்றுநோயைக் கூட்டும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

மாற்றுக்கு எங்களுக்கு ஆனது பதினாறு லட்சம், வாடகை வீடும் ஆறு மாதச் சம்பள இழப்பும் தனி. காசு தேடும் வரிசை முக்கியம். மருத்துவமனையிடம் லெட்டர்ஹெட்டில் மதிப்பீட்டுக் கடிதம் முதலில் வாங்குங்கள், எல்லாக் கதவும் அதைக் கேட்கும். முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டில் மஜ்ஜை மாற்று பெரும் சிகிச்சைகளில் ஒன்றாக இருக்கிறது. அந்த மருத்துவமனை அதற்கு அங்கீகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் முதல் பிரிவில் ஃபான்கோனி அனீமியா பெயரோடு இருக்கிறது, 2022 திருத்தத்துக்குப் பின் உதவி 50 லட்சம் வரை. பணம் நம் கைக்கு வராது, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையத்துக்குத்தான் போகும், அதனால் அங்கே பிள்ளையைப் பதிவு செய்திருக்க வேண்டும். எதுவானாலும் சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பியுங்கள். செலவழித்துவிட்டு பில்லோடு போன எனக்கு எங்கேயும் ஒரு ரூபாய் கிடைக்கவில்லை.

மாற்று முடிந்து ரத்தம் சரியானதும் ஊரே வாழ்த்தும். மஜ்ஜைதான் மாறியிருக்கிறது, வாய், தொண்டை, உணவுக்குழாய், பிறப்புறுப்புச் செல்களில் பழைய பழுது அப்படியேதான். அங்கே வரும் ஸ்குவாமஸ் புற்றுநோய் மற்றவர்களைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம், பதின்வயதிலும் இருபதுகளிலுமே வரும். வந்தால் முழு அளவுக் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் தாங்காது, கத்திதான் ஆயுதம். கத்தியால் முழுதாக எடுக்க வேண்டுமென்றால் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். பத்து வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரோ காது மூக்குத் தொண்டை டாக்டரோ நாக்கின் பக்கவாட்டையும் அடியையும் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் பயாப்ஸி. பெண் பிள்ளைக்கு வயதுக்கு வந்ததிலிருந்து மகளிர் மருத்துவர். ஒன்பது வயதில் எச்பிவி தடுப்பூசி, ஆண் பிள்ளைக்கும் சேர்த்து. மாற்றுக்கு முன் போட்டிருந்தாலும் பிறகு மறுபடி போட வேண்டும். சாராயம் கலந்த மவுத்வாஷ், வீட்டில் பீடி சிகரெட் புகை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பாக்கு, எதுவும் கூடாது. மதுவிலிருந்து உடம்பில் உண்டாவது அதே ஆல்டிஹைடுதான்.

சொந்தத்தில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தோம். மகள் கல்யாணம், மகன் கல்யாணம் என்ற பயம். ஆனால் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக் கல்யாணம், என் தங்கை மகளுக்கு என் மச்சினன் மகனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் என் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள். இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. நம் ஜீன் மாற்றம் இன்னதென்று தெரிந்திருந்தால் அந்த ஒரு எழுத்தை மட்டும் மற்றவர்களுக்குப் பார்ப்பது சில ஆயிரத்தில் முடியும். கர்ப்பத்தில் பதினொன்று முதல் பதின்மூன்று வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்தும் பார்க்கலாம். ஜீன் தெரியாமல் அந்த வாரங்களில் ஓடினால் நேரம் போதாது. ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, 'ரெண்டு பேருக்கும் எந்த டியூப்ல ரத்தம் எடுக்கணும்ணே?' என்று கேட்டாள். இதற்கு ஊதா மூடி போதும் என்றேன்.